விடுதலைக்கு விலை பெற்றவர் யார்?

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833-இல் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியபோது, 2 கோடி பவுண்டு இழப்பீட்டையும் ஒதுக்கியது. அன்றைய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காடு அது. பணம் போனது அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு. பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைப்பட்டுக் கிடந்த சுமார் 8 லட்சம் பேருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை.

இழப்பீட்டுக் கணக்கு 1822 முதல் 1830 வரையிலான அடிமை விற்பனை விலைகளின் சராசரியை வைத்துப் போடப்பட்டது. வயல்வேலையாள், கைவினைஞர், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை, முதுமையாலோ நோயாலோ உழைக்க இயலாதவர் என்று ஆட்களைத் தரம் பிரித்துப் பட்டியலிட்டார்கள். மனிதரைச் சொத்தாக வைத்திருக்கக் கூடாது என்ற சட்டமே, கடைசி முறையாக அவர்களைச் சொத்தாக மதிப்பிட்டது.

இது சரியா? சரிதான் என்பவர்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிட முடியாது. தோட்ட முதலாளிகளுக்கு நாடாளுமன்றத்தில் செல்வாக்கு இருந்தது. பணம் தராவிட்டால் சட்டம் இன்னும் தள்ளிப்போயிருக்கும்; அந்தத் தாமதத்தின் வலி அடிமைகளின் முதுகில்தான் விழுந்திருக்கும். பிணைக்கைதியை மீட்கப் பணம் கொடுப்பவரை யாரும் குற்றம் சொல்வதில்லை.

ஆனால், மீட்ட செலவைக் கைதியின் உழைப்பிலிருந்தே கழித்துக்கொண்டால்? அதுதான் நடந்தது. பெரும்பாலான காலனிகளில் 1834 ஆகஸ்ட் 1-இல் உடனே விடுதலை பெற்றவர்கள் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டுமே. மற்றவர்களுக்குத் ‘தொழில் பழகுநர்’ என்று பெயர் சூட்டி, பழைய எஜமானிடமே கூலியின்றி உழைக்க வைத்தார்கள்; வயல்வேலையாட்களுக்கு அது வாரம் 45 மணி நேரம் வரை. எதிர்ப்பு வலுத்த பிறகு, 1838-இல்தான் அந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தது.

முதலாளிக்குப் பணம் தராமல் இருந்தாலே நீதி கிடைத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. 1833 சட்டத்திலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள் விலக்கப்பட்டிருந்தன. இந்தியாவில் 1843-இல் வந்த சட்டம், ஒருவரை அடிமை என்று உரிமை கோரினால் நீதிமன்றம் ஏற்காது என்றது. இழப்பீடு எதுவும் தரவில்லை. ஆனால் உழுதவர்களுக்கு நிலமும் தரவில்லை. தமிழகத்து வயல்களில் பண்ணையாட்கள் பலரை அதன் பிறகும் கடன் கட்டிப்போட்டது.

ஆக, முதலாளிக்குக் கொடுத்ததா இல்லையா என்பதைவிட, விடுபட்டவருக்கு என்ன கொடுத்தார்கள் என்பதே பெரிய கேள்வி. வேறு வழியின்றி அநீதிக்கு விலை கொடுக்க நேரலாம். அப்படிக் கொடுத்துவிட்டதால் உழைப்பைப் பறிகொடுத்தவருக்குச் சேர வேண்டியது தீர்ந்துவிடாது.

பழங்கதையை ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்த இழப்பீட்டுக்காக பிரிட்டன் வாங்கிய கடன் 2015-இல்தான் முழுதாக அடைந்தது. அடிமைகளின் வழிவந்த பிரிட்டிஷ் குடிமக்களின் வரிப்பணமும் அதில் சேர்ந்திருக்கிறது. கடன் கொடுத்தவர்களின் கணக்கை 180 ஆண்டுகள் மறக்காமல் காத்த அரசு, உழைத்தவர்களின் கணக்கு மட்டும் காலாவதியாகிவிட்டது என்று சொல்ல முடியாது.