அழுதது யாருக்காக?

2004 டிசம்பரில் பாலாஜி சக்திவேலின் 'காதல்' வெளியானது. ஞாபகம் இருக்கிறதா?

மதுரையில் ஒரு டூ-வீலர் மெக்கானிக் பையன். வசதியான வீட்டு ஸ்கூல் பெண். இரண்டு பேரும் சென்னைக்கு ஓடி வருகிறார்கள். உறவுக்காரர்கள் நைச்சியமாகப் பேசி ஊருக்கு அழைத்துப்போய், அவனை அடித்து நொறுக்குகிறார்கள். பிறகு ஒருநாள் கணவன், குழந்தையோடு அவள் வரும்போது, சிக்னலில் புத்தி பேதலித்துத் திரிகிறான் அவன்.

தியேட்டரில் பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

அதற்கு ஆறு மாதம் கழித்து நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் பேச்சிலர். மாடி வீட்டு சார் வங்கி அதிகாரி. அவர் மகள் ப்ளஸ் டூ. எங்களுக்கெல்லாம் தண்ணி கேன் போட வருகிற பையனுக்குப் பத்தொன்பது வயசு இருக்கும். மிஸ்டு கால் காலம் அது. ஒரு ரிங் விட்டால் 'கீழே நிக்கிறேன்'. பதிலுக்கு இரண்டு ரிங் வந்தால் 'அப்பா வீட்ல இருக்கார்'. இந்த ரகசியத்தை அவனே என்னிடம் சொன்னான். 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான்.

ஒரு ராத்திரி அந்த சார் வந்து கதவைத் தட்டினார். "தம்பி, அந்தப் பையன் எந்த ஏரியானு உங்களுக்குத் தெரியுமாமே?"

தெருப் பெயரோடு சொன்னேன்.

மறுநாளிலிருந்து வேறு ஆள் கேன் கொண்டுவந்தார். அவன் என்ன ஆனான்? நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பதில் தெரிந்துவிடுமே!

'அந்தப் பொண்ணுக்குப் பதினேழு வயசுதானே, நல்லதுதானே செஞ்சோம்' என்று ரொம்ப நாள் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயம் பொய்யில்லை. பதினேழு வயசில் வாழ்க்கையை முடிவு செய்யக் கூடாது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் கிடையாது.

ஆனால், ஒரு சின்னப் பரீட்சை. அதே வயசு, அதே மிஸ்டு கால். பையன் மட்டும் எதிர்வீட்டு டாக்டரின் மகன். நான் காட்டிக்கொடுத்திருப்பேனா? மாட்டேன். "படிக்கிற வயசுப்பா, பார்த்து நடந்துக்கோ" என்று தோளில் தட்டிவிட்டுப் போயிருப்பேன். பி.காமில் படித்த முதல் பாடம்: ஒரே செலவை ஆளுக்குத் தகுந்தமாதிரி இரண்டு தலைப்பில் எழுதினால், அது கள்ளக் கணக்கு. நான் எழுதியது அதுதான். உள்ளே இருந்தது அந்தஸ்து. மேலே ஒட்டிய லேபிள் வயசு.

நான் மட்டுமா? 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. பதினெட்டு வயசுக்குக் கீழே இருப்பவர்களைப் பாதுகாக்க வந்த, அவசியமான சட்டம். ஆனால், இளவயசுக் காதலைப் பிடிக்காத வீட்டார் கையிலும் அது ஆயுதமானது. 2021-ல் ஓர் ஆட்டோ ஓட்டுநர் மீதான வழக்கை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்றம், வளரிளம் பருவத்தினரின் காதல் உறவுகளைத் தண்டிக்க இந்தச் சட்டம் கொண்டுவரப்படவில்லை என்று சொல்லவேண்டி வந்தது.

பிள்ளைகளைத் தடுக்கவே கூடாதா? தடுக்கலாம். "இன்னும் நாலு வருஷம் பொறு, படிப்பை முடி" என்று இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லலாம். ஆனால், பணக்கார வீட்டுப் பையனுக்கு அறிவுரை, ஏழை வீட்டுப் பையனுக்கு அடி உதை என்றால், அதற்கு அக்கறை என்று பேர் வைக்காதீர்கள்.

இன்று என் மகள் ப்ளஸ் ஒன். போன வாரம் சாப்பிடும்போது ஒரு பையனைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நல்லா வரைவானாம். நான் இத்தனை வருஷம் யோசித்தவன் இல்லையா? இருந்தும் என் வாயில் வந்த முதல் கேள்வி என்ன தெரியுமா?

"அவங்க அப்பா என்ன பண்றார்?"

"ஏம்ப்பா?" என்றாள்.

சாம்பாரை ஊற்றிக்கொண்டேன். இன்னும் பதில் சொல்லவில்லை.

உங்கள் வாயில் முதலில் என்ன கேள்வி வரும்?