கடைமடை

வைகாசி, மூன்றாம் வாரம்

புதாற்றில் தண்ணீர் இல்லை. காகிதத்தில் இதற்குக் கல்லணைக் கால்வாய் என்று பெயர். மேட்டூர் அணையோடு 1934இல் வந்தது. தொண்ணூறு வயது தாண்டியும் தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்னும் 'புது ஆறு'தான்.

சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். இர்வின் பாலத்திலிருந்து கரையோடு 2 கிலோமீட்டர் போய்த் திரும்புகிறேன். போகும்போது எல்லாம் கண்ணில் படும். திரும்பி வரும் கடைசி அரைக் கிலோமீட்டரில் கால் மட்டும்தான் நடக்கும். மனசு முன்னாலேயே வீட்டுக்குப் போய்க் காபி குடித்துக்கொண்டிருக்கும். முந்தாநாள் தடுக்கி விழுந்ததும் அங்கேதான். பெரிய கல் இல்லை, தினம் பார்க்கிற கல்.

*

எனக்குத் தொழில் மெய்ப்புத் திருத்துவது. போன மாதம் ஒரு வரலாற்றுப் புத்தகம் முடிந்தது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். முதல் ஐந்து ஃபாரத்தில் ஒற்றுப்பிழைகூட இல்லை. கடைசி ஃபாரத்தில் கொள்ளிடம் 'கொல்லிடம்' ஆகியிருக்கிறது. என் கண்ணைத் தாண்டித்தான் போயிருக்கிறது. எழுதியவர் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலால் சுற்றிப் புத்தகத்தை அனுப்பியிருந்தார். திட்டியிருக்கலாம்.

தலைமடை வயலுக்குத் தண்ணீர் முதலில் பாயும். கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பேராவூரணிப் பக்கம் போய்க் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். என் கவனமும் தலைமடையிலேயே வற்றிவிடுகிற கவனம். விழுந்த இடமும் பிழை விட்ட பக்கமும் ஒரே வாய்க்காலின் வால்.

ஆனி, இரண்டாம் வாரம்

ஜூன் 12 மேட்டூரில் திறந்தார்கள், 15 கல்லணையில். பிறகு நுரையும் சருகுமாக இங்கே வந்தது. கரையில் நின்று கைபேசியில் படம் எடுக்கிறார்கள். நான் தண்ணீரின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவசரமே இல்லை அதற்கு. ஒரு பள்ளத்தில் இறங்கி, அது நிறைந்த பிறகே அடுத்த இடத்துக்கு நகர்கிறது.

அன்றிலிருந்து கடைசி அரைக் கிலோமீட்டரில் வேகத்தைக் குறைக்கிறேன். மூச்சைக் கவனி என்பார்கள். எனக்கு மூச்சு பிடிபடவில்லை, செருப்புச் சத்தம்தான் பிடிபட்டது. அதையே கேட்டுக்கொண்டு வருகிறேன். பதினோரு நாளில் மூன்று நாள்தான் வீட்டு வாசல்வரை கேட்டது. மற்ற நாளெல்லாம் கரண்ட் பில், மாப்பிள்ளை வீட்டுப் பேச்சு. நினைவு வந்ததும் திரும்பச் செருப்புக்கு வருவேன். பயிற்சி என்று சொன்னால் இவ்வளவுதான்.

ஆனி, கடைசி

அம்மாபேட்டை போகும் வழியில் குறுவை நடவு. பாதி வயலில் இயந்திரம், பாதியில் பெண்கள். நடுகிறவர்கள் பின்னால் பின்னால் நகர்கிறார்கள். நட்டது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, மீதி வயல் முதுகுக்குப் பின்னால். வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், கடைசி வரிசையில் கை தளராதா என்று கேட்டேன்.

"கடைசின்னு பாக்க முதுகுல கண்ணா இருக்கு? வரப்பு கால்ல தட்டுனா நிமிர்வோம், தம்பி."

நான் எத்தனை பக்கம் மீதி என்று மணிக்கு நாலு தடவை புரட்டிப் பார்க்கிறவன். மறுநாளிலிருந்து மீதித் தாள்களை மேசைக்குக் கீழே வைத்துவிட்டேன்.

ஆடி

பெரிய கோயில் விமானத்தின் மேல்தள உட்சுற்றில் 108 நடனக் கரணங்கள் செதுக்க எண்ணி 81 முடித்திருக்கிறார்கள். மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அங்கே எல்லோரையும் விடுவதில்லை, நான் பார்த்தது படத்தில். இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. உச்சிக்குக் கலசம் போய்விட்டது, உள்ளே 27 கல் இன்னும் காத்திருக்கிறது.

கடைமடை வறண்டதற்கு இதையும் ஒரு சாட்சியாகச் சொல்லலாம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. எண்ணிக்கையை நிரப்ப ஏனோதானோவென்று எதையும் கொத்தி வைக்கவில்லை. விட்ட இடம் சுத்தமாக இருக்கிறது. நானாக இருந்தால் எப்படியாவது 108 காட்டியிருப்பேன், ஒவ்வொன்றிலும் ஒரு கொல்லிடத்தோடு.

*

தண்ணீர் குறைந்த வருடங்களில், கடைமடைக்கும் கிடைக்கட்டும் என்று முறை வைத்து விடுவார்கள். நானும் முறை வைத்துப் பார்த்தேன். இன்று காலை, கண் தெளிவாக இருக்கும்போதே, புதுப் புத்தகத்தின் கடைசி ஃபாரத்தை முதலில் எடுத்தேன். அச்சகத்துப் பையன் சிரித்தான். "தலைகீழாப் படிக்கிறீங்களே சார்?"

பதினாறு பக்கத்தில் நான்கு பிழை இருந்தது.