கிளப்பியவரும் நம்பியவரும்

ஸ்பானிய மொழியில் 'புலோ' என்றொரு சொல் உண்டு. உள்நோக்கத்தோடு பரப்பப்படும் பொய்ச்செய்தி என்று அந்நாட்டு அரச கழகத்தின் அகராதி அதற்குப் பொருள் உரைக்கிறது. 'ருமோர்' என்ற வேறொரு சொல்லும் அம்மொழியில் உள்ளது. நம் 'வதந்தி'யைப் போல அது ஒருவேளை மெய்யாகவும் முடியலாம். புலோ அப்படியன்று. நம் 'புரளி'யே அதற்கு நெருங்கிய சொல். புரளி தானாகக் கிளம்புவதில்லை, யாரோ கிளப்புகிறார்கள்.

கிளப்புகிறவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. உள்நோக்கம் ஏதுமின்றி, மெய்யென்று நம்பி அதைப் பரப்புகிறவர்? அவரைப் பற்றி அகராதி பேசவில்லை.

1834 ஜூலையில் மத்ரித் நகரைக் காலரா வாட்டியது. பொது ஊற்றுகளின் நீரில் துறவியர் நஞ்சு கலந்துவிட்டனர் என்ற பேச்சு எழுந்தது. 17ஆம் நாள் திரண்ட கூட்டம் இயேசு சபையாரின் கல்லூரியிலும் பிற சபைகளின் மடங்களிலும் புகுந்து 70க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. காலரா நீர்வழிப் பரவுவதை ஜான் ஸ்நோ லண்டனில் எடுத்துக்காட்டியது 1854இல்தான். ஆகவே, நீரை ஐயுற்றதில் அம்மக்கள் தவறவில்லை என்றே சொல்லலாம். துறவியரை ஐயுறத்தான் அவர்களுக்குச் சான்று தேவைப்படவில்லை. அரியணைக்காக நடந்த உள்நாட்டுப் போரில் துறவியர் எதிரணியினர் என்ற பகை முன்னமே இருந்தது.

இதைப் படிக்கையில் நம் நெஞ்சு பதறுகிறது. ஆயினும் அதே நாட்டில் நிகழ்ந்த இன்னொன்றையும் நாம் மறைத்தலாகாது. லா குவார்தியா என்னும் ஊரில் ஒரு கிறிஸ்தவக் குழந்தையைச் சிலுவையில் அறைந்து கொன்றதாக யூதர் சிலர்மீதும், யூத மரபினின்று திருமுழுக்குப் பெற்ற சிலர்மீதும் பழி சுமத்தப்பட்டது. திருச்சபையின் விசாரணை மன்றம் தீர்ப்பளிக்க, 1491 நவம்பரில் ஆவிலா நகரில் அவர்கள் எரிக்கப்பட்டனர். குழந்தையின் உடல் கிடைக்கவேயில்லை. குழந்தையைக் காணோம் என்று முறையிட்டவரும் இல்லை. சித்திரவதையில் பெற்ற வாக்குமூலங்களே சான்றாயின. மறு ஆண்டு யூதர் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற ஆணை பிறந்தது.

இங்கே நம்பியவர்கள் நம்மவர்கள், திருப்பலி தவறாதவர்கள். பொய்யுரைக்கும் எண்ணம் அவர்களுள் பெரும்பாலோர்க்கு இருந்திராது. ஆனால், போதிய ஆதாரமின்றிப் பிறர்மேல் ஒரு குற்றத்தை மனத்திற்குள் உண்மையென ஏற்பதையே எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவமாக வைக்கிறது, 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல். வாய் திறக்கக்கூட வேண்டியதில்லை! கடுமையான அளவுகோல்தான்.

இன்று கைப்பேசிவழி வரும் பொய்களையும் ஸ்பெயின் நாட்டுச் செய்தித்தாள்கள் புலோ என்றே அழைக்கின்றன. நம் கைப்பேசிக்கும் அவை வருகின்றன. அனுப்பியவர் பெயரைப் பார்த்தால், பெரும்பாலும் நம் நலம் நாடும் உறவினராகவோ பங்கு நண்பராகவோ இருக்கிறார்.