பத்தடி

ஸ்காபரோவில் நாம் வீடு வாங்கியபோது சட்டத்தரணி கடைசியாக ஒரு படத்தை விரித்தார். பின்வளவில் வேலியோரமாகப் பத்தடி அகலத்துக்கு இரண்டு கோடுகள். அதற்குக் கீழே மின்சாரக் கேபிள் போகிறது. மேலே கட்டடம் எழுப்பவோ ஆழ வேர்விடும் மரம் வைக்கவோ முடியாது. பழுதுபார்க்க ஆட்கள் வந்தால் மறிக்கவும் முடியாது. காணி எம்முடையது, வரியும் நாமே கட்டவேண்டும். விற்றாலும் அந்த உரிமை காணியோடேயே போகும். ஈஸ்மென்ற் என்று அதற்குப் பெயர்.

25 வருடக் கடனுக்குக் கையெழுத்து வைக்கும் நேரத்தில் இது உறைத்தது. நிலம் இழந்து வந்தவர்களுக்கு இங்கேயும் முழு நிலம் இல்லையா என்று புலம்பினோம். கொஞ்சம் நாடகத்தனமான புலம்பல்தான்.

1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோன ஊர் உறுதியிலும் இதே சங்கதி உண்டு. யாழ்ப்பாணத்து உறுதிகளில் எல்லைகளோடு பங்குக் கிணற்றையும் வழிவாய்க்காலையும் எழுதுவது வழக்கம். எமது கிணற்றில் சித்தப்பா வீட்டாருக்குப் பங்கு. எமது குசினிக்குப் பின்னால் நடந்துவந்து அள்ளுவார்கள். வேலியடைக்கும் காலத்தில் பாதை ஒரு சாண் ஒடுங்கும்; சித்தி சத்தம் போடுவா; திரும்ப அகலும். முகம் பாராமல் திரிந்த வருடங்களிலும் அதை அடைக்க முடியவில்லை. உறுதியில் இருந்ததே.

உறுதியில் இல்லாதவர்களும் வந்தார்கள். எமது தோட்டத்தில் வேலை செய்தவர்கள், வேலிக்கு அப்பால் குடியிருந்தவர்கள். அவர்கள் கிணற்றுக்கட்டில் ஏறவோ துலாக்கயிற்றைத் தொடவோ கூடாது. குடத்தை வைத்துவிட்டு, யாராவது வந்து ஊற்றும்வரை நிற்பார்கள். சாதியின் பேரால் ஒருவரைத் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் 1957 இல் வந்தது. எமது படலைக்குள் அது வரவில்லை. சிறுவயதில் ஊற்றும் வேலை எமக்கும் தரப்பட்டது. விளையாட்டுக் குழம்புமென்று எத்தனை தரம் வெயிலில் காக்கவைத்தோம்.

எழுதப்படாத அந்த உரிமைக்கும் எமது காணி கடன்பட்டிருந்ததா? இருந்தது என்றே நினைக்கிறோம். தண்ணீர் கொடுத்தோம்தானே என்பார்கள் உறவினர். கொடுத்தோம். கொடுப்பதும் விடுவதும் எமது கையில் இருந்ததுதான் பிழை. சித்தி எம்மிடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை.

பாரிஸில் இருக்கும் சித்தியின் மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னோம். வளவை இப்போது ஆர் பார்க்கிறார் தெரியுமா என்று கேட்டார். தெரியும். வேலிக்கு அப்பால் இருந்தவர்களின் பேரன். கிணற்றை இறைத்துத் துப்புரவாக வைத்திருக்கிறாராம். அவருக்கென்று நாம் இன்னும் ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. உறுதி அதே பொலித்தீன் பையில், ஸ்காபரோ வீட்டுக் கடதாசிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.