நோன்பு திறக்கும் வேளையில் நம் பற்கள்

 

உம்மத்துக்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் மட்டும் இல்லாதிருந்தால், ஒவ்வொரு தொழுகைக்கும் மிஸ்வாக்கைக் கட்டாயமாக்கியிருப்பார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அத்தனை பேணுதல் சொல்லப்பட்ட பற்களுக்கு ரமலான் மாலையில் நாம் என்ன கொடுக்கிறோம்? பல வீடுகளில் நோன்புக் கஞ்சிக்குப் பக்கத்தில் கலர் பாட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை நான் ஹராம் என்று சொல்ல வரவில்லை. அது செய்யும் வேலையைச் சொல்கிறேன்.

பல்லைப் போர்த்தியிருக்கும் எனாமல் மனித உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். ஆனால் முறிந்த எலும்பு கூடும். தேய்ந்துபோன எனாமல் திரும்ப வளராது. அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் சுத்தமான தண்ணீர் 7. ஏறத்தாழ 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். கோலா பானங்களோ 2.5 அளவில் நிற்கின்றன. ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறும் கணக்கு இது! சர்க்கரை இல்லாதது என்று எழுதிய பாட்டிலிலும் அமிலம் உண்டு. (எலுமிச்சை சர்பத்தும் அமிலம்தான்; வீட்டில் கலக்கியது என்பதற்காகப் பல் அதை மன்னிக்காது.) ஒருநாளில் ஒன்றும் தெரியாது. ஆண்டுகள் செல்லச்செல்ல உள்ளிருக்கும் மஞ்சள் பகுதி வெளிப்பட்டு, உளூவின் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசும்.

இதற்கு அல்லாஹ் வைத்த காவல் உமிழ்நீர். அமிலத்தைத் தணிப்பது அதுதான். நோன்பாளியின் வாயில் மாலையில் அது குறைந்திருக்கும். அந்நேரம் பார்த்து முதல் மடக்கே கோலாவா?

இன்னொன்றும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பாளி நண்பகலுக்குப் பின் மிஸ்வாக் செய்வது மக்ரூஹ். ஆகவே நம்மில் பலர் நோன்பு திறந்த கையோடு மிஸ்வாக்கை எடுக்கிறோம். நல்ல அமல். ஆனால் அமிலம் பட்டு இளகிய எனாமலை உடனே தேய்த்தால் அதுவும் சேர்ந்து தேயும். அரைமணி முதல் ஒருமணி நேரம் பொறுக்க வேண்டும் என்பது பல் மருத்துவர்கள் சொல்வது. மஃரிபோ காத்திருக்காது. பேரீச்சங்கனி, அது இல்லையென்றால் சில மிடறு தண்ணீர் என்று நபிகளார் திறந்தபடி திறந்து, வாய் கொப்பளித்தவருக்கு இந்தச் சிக்கலே இல்லை.

கலர் வேண்டுமென்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு, தொழுகைக்குப் பின் சாப்பாட்டோடு கொஞ்சம் கொடுங்கள். கையில் வைத்து மணிக்கணக்காக உறிஞ்ச விடாதீர்கள். ஒவ்வோர் உறிஞ்சலும் பல்லை மீண்டும் அமிலத்தில் நனைக்கிறது. குடித்ததும் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பால்பற்களின் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது.