புத்திக்கு ஒரு மொழி, புத்திமதிக்கு ஒரு மொழியா?

நம் சங்கங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால், பெரியவர் ஒருவர் எழுந்து, "வயிற்றுக்கு ஆங்கிலம் வேண்டும், மனத்துக்குத் தமிழ் வேண்டும்" என்று சொல்லி அமர்வதும், கூடியிருப்போர் தலையசைப்பதும் வழக்கமாகிவிட்டது. மலேசியாவில் ஆங்கிலத்தோடு மலாயும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவே வித்தியாசம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. அண்ணனுக்குக் கடை, தம்பிக்கு வீடு என்று பாகம் பிரிப்பதைப் போல, எவருக்கும் மனவருத்தம் இல்லாத பங்கீடாகத் தோன்றுகிறது. ஆனால் பாகப் பிரிவினை நடந்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். சமமென்று சொல்லப்படும் பங்குகளில் ஒன்றிலே வருமானம் இருக்கும். மற்றொன்றிலே பழுதுபார்க்கும் செலவு மட்டுமே இருக்கும். மொழிகளுக்கிடையே நாம் செய்துகொண்ட பங்கீடு எப்படிப்பட்டது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இந்தப் பங்கீடு வாய்ப்பேச்சாக மட்டும் நின்றுவிடவில்லை. இருமொழி உயர்நிலைப் பள்ளி ஒன்றின் பாட அட்டவணையை எடுத்துப் பார்த்தால், அங்கே அது கட்டம் கட்டமாக எழுதப்பட்டிருக்கும். எந்தப் பாடம் எந்த மொழியில், வாரத்துக்கு எத்தனை வேளை என்பதையே அட்டவணை சொல்கிறது. நிர்வாக வசதிக்காகப் போட்ட வெறும் காகிதம் என்று அதை நாம் ஒதுக்கிவிடலாம். பிள்ளை ஒதுக்குவதில்லை. வீட்டார் எதைப் பெரிதாக மதிக்கிறார்கள், எதைச் சிறிதாக மதிக்கிறார்கள் என்பதை அவன் அதிலிருந்துதான் படித்துக்கொள்கிறான்.

நம்மவர்க்கு மிக நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946-இல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1960-இல் அதில் உயர்நிலை வகுப்புகள் ஏற்பட்டன. சிங்கப்பூரில் தமிழைப் போதனை மொழியாகக் கொண்ட உயர்நிலைப் பள்ளி அது ஒன்றே. பெயரும் பொருத்தமாகவே அமைந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த சீதக்காதி, கீழக்கரையைச் சேர்ந்த வணிகர் அன்றோ? வியாபாரத்தின் இலாபம் காவியத்துக்கு உதவியது போல, இங்கே அது கரும்பலகைக்கு உதவியது.

அந்நாளில் அரசாங்கத்தின் ஏடுகளில் தமிழுக்குக் குறைவொன்றும் இல்லை. 1956-இல் சிங்கப்பூர்ச் சட்டமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு, நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரை செய்தது. 1965-இல் நாடு தனிக் குடியரசானபோது தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்றாகவே இருந்தது. 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டாம் மொழி கட்டாயமாயிற்று. ஆனால் பாடங்களின் பங்கீடு வேறு கதையாக நடந்தது. 1960-களின் பிற்பகுதியில், சீன, மலாய், தமிழ்ப் பள்ளிகளில் கணக்கும் விஞ்ஞானமும் ஆங்கிலத்துக்கு மாறத் தொடங்கின. ஆங்கிலப் பள்ளிகளிலோ குடிமைப் பாடம் தாய்மொழிக்கு வந்து சேர்ந்தது. 1982-இல் உமறுப்புலவர் பள்ளி மூடப்பட்டது. தமிழ்வழி உயர்நிலைக் கல்வி சிங்கப்பூரில் அத்துடன் முடிந்தது. 1983-இல் அதே பெயரில் ஒரு தமிழ்மொழி நிலையம் தோன்றி, தங்கள் பள்ளிகளில் தமிழ் கிடைக்காத மாணவர்களுக்கு நற்பணி செய்துவருகிறது. 1987-இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாயிற்று. குணநலமும் குடிமையும் மட்டும் தொடக்கப் பள்ளிகளில் இன்றும் தாய்மொழியிலேதான் கற்பிக்கப்படுகின்றன.

இதைச் செய்தவர்கள் தமிழுக்குப் பகைவர் அல்லர். பண்பாடு தாய்மொழியில்தான் வேர்விடும் என்று மனமார நம்பியே செய்தார்கள். நம் பெரியவரின் வயிறு, மனம் என்ற பங்கீடுதான் அட்டவணையாக உருவெடுத்தது.

இப்போது அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். அவன் கூர்மையானவன், கடைக்காரன் வீட்டுப் பிள்ளை வேறு. எடை போடவேண்டியது, பிரித்துப் பார்க்கவேண்டியது, "ஏன், எப்படி" என்று கேட்கவேண்டியது எல்லாம் ஒரு மொழியில் வருகின்றன. பெரியோரை மதி, பொய் சொல்லாதே, ஒற்றுமையாக இரு என்பன மற்றொரு மொழியில் வருகின்றன. முதல் மொழியில் அவன் தவறு செய்தால் ஆசிரியர் விளக்குகிறார். இரண்டாவதில் அவன் கேள்வி கேட்டாலே அது மரியாதைக் குறைவாகிவிடுகிறது. ஆக, புத்திக்கு ஒரு மொழி. புத்திமதிக்கு ஒரு மொழி! வருடக்கணக்கில் இப்படி வளர்ந்தவனுக்குத் தமிழ் என்றால் என்ன தோன்றும்? தலை குனிந்து கேட்டுக்கொள்ளும் மொழி என்றே தோன்றும். தலை நிமிர்ந்தபின் பேசும் மொழி வேறாகிவிடும்.

இதனால் தமிழுக்கு நட்டம் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நம் கவலை அது மட்டுமன்று. ஒழுக்கத்துக்கும் நட்டம் என்பதே நாம் சொல்லவருவது.

நம் முன்னோர் கடை நடத்திய விதத்தைப் பாருங்கள். பினாங்கின் சூலியா வீதியிலும் சிங்கப்பூரின் மார்க்கெட் வீதியிலும் தமிழ்ப் பேரேடுகள் இருந்தன. எண்சுவடி மனப்பாடம் செய்த கணக்கப்பிள்ளை, காலும் அரைக்காலும் மாகாணியும் வாயாலேயே கூட்டிச் சொல்வார். மாகாணி என்பது பதினாறில் ஒன்று. மெட்ரிக் அளவு வருவதற்கு முன் இங்கே 16 தாயில் சேர்ந்தது ஒரு கட்டி. ஊர்க் கணக்கும் மலாயா நிறையும் ஒன்றுக்கொன்று தைத்த சட்டை போலப் பொருந்தின! அந்தத் தமிழில் கணக்கு வேறு, நேர்மை வேறு என்று இரண்டு ஏடுகள் இருந்ததில்லை. "நிறை சரியாக இருக்கிறதா?" என்ற ஒரே கேள்விக்குள் இரண்டும் அடங்கின. "நாணயம்" என்ற சொல்லையே பாருங்கள். கையில் இருக்கும் காசுக்கும் அதுவே பெயர்; சொன்ன வாக்கைக் காக்கும் குணத்துக்கும் அதுவே பெயர்.

கணக்கையும் நேர்மையையும் இரு மொழிகளில் பிரித்துப் படித்தவன் ஒரு நாள் கல்லாவில் உட்காருகிறான் என்று வைத்துக்கொள்வோம். கிட்டங்கியில் பழைய விலைக்கு வாங்கிய அரிசி இருக்கிறது. கப்பல் தாமதம், சந்தையில் விலை ஏறிவிட்டது. கையிருப்பைப் பழைய விலைக்குக் கொடுப்பதா, புதிய விலைக்கு விற்பதா? புதிய விலைக்கு விற்காவிட்டால் அடுத்த கொள்முதலுக்கு முதல் பற்றாது. விற்றாலோ, தினக்கூலிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். எவ்வளவு ஏற்றினால் அது இலாபம், எதற்கு மேல் போனால் அது பதுக்கல்? விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்தால் இலாபம் என்று கணக்கு வகுப்பு ஆங்கிலத்தில் சொல்லித் தந்திருக்கிறது. பேராசை கூடாது என்று நல்லொழுக்க வகுப்பு தமிழில் சொல்லித் தந்திருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, எண்களோடு சேர்த்து, அவனிடம் எவரும் கேட்டதில்லை. இலாபம் கூட்டும்போது மனச்சாட்சியின் மொழி அவன் நாவில் இல்லை. மனச்சாட்சி பேசும்போது அதற்குக் கூட்டல் தெரியவில்லை. இரண்டு நல்ல ஆசிரியர்கள் கற்பித்தும் பிள்ளை நடுவே அனாதையாக நிற்கிறான்.

நிற்க. இதைக் கேட்டவுடன், "அப்படியானால் எல்லாவற்றையும் தமிழிலேயே கற்பித்திருக்க வேண்டும், பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியவர்களே துரோகிகள்" என்று முழங்கும் நண்பர்கள் உண்டு. அவர்களோடு நாம் சேரமாட்டோம். சீனமொழிப் பள்ளியில் படித்தவனுக்கு மேலே 1956 முதல் நன்யாங் பல்கலைக்கழகம் ஒன்று திறந்திருந்தது. தமிழ்வழிப் படித்தவனுக்கு இந்நாட்டில் அப்படியொரு கதவு இல்லை. உயர்நிலைத் தேர்வு முடிந்த மறுநாளே அவன் வேற்று மொழியில் முதலிலிருந்து தொடங்கவேண்டிய நிலை. ஒரே சம்பளத்தில் நான்கு பிள்ளைகளை வளர்த்த தகப்பன், அந்தச் சுவரைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை வேறு வாசலுக்கு அழைத்துப் போனான் என்றால், அவனைக் குறைசொல்ல நமக்கு என்ன உரிமை? தம் பிள்ளையை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஏழை வீட்டுப் பிள்ளை தமிழைக் காவல் காக்கட்டும் என்று மேடையில் பேசுவது அதனினும் பெரிய அநீதி. மொழியின் மீது நமக்குள்ள அன்புக்குக் கட்டணம் நாம்தான் செலுத்த வேண்டும். பிறர் பிள்ளையின் எதிர்காலத்திலிருந்து அதை எடுக்கக்கூடாது.

மலேசியாவின் அனுபவமும் இந்த வழக்கை எளிதாக்கவில்லை. அங்கே தமிழ்ப் பள்ளி ஆறாம் ஆண்டோடு நிற்கிறது. அதன்பின் மலாய்மொழி உயர்நிலைப் பள்ளி. தமிழ் அங்கே ஒரு பாடமாக மட்டும் தொடரும். 2003-இல் கணக்கும் விஞ்ஞானமும் தமிழ்ப் பள்ளி உட்பட எங்கும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டன. 2012 முதல் அதைப் படிப்படியாகத் திருப்பினார்கள். 2016-இல் இருமொழித் திட்டம் என்று மறுபடியும் ஒரு வாசல் திறந்தது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மொழியிலும் தம்பி வேறு மொழியிலும் பெருக்கல் கற்ற விந்தை இப்படித்தான் நேர்ந்தது. சண்டை முழுவதும் எந்த மொழியில் கணக்கு என்பதைப் பற்றியே நடந்தது. மிஞ்சிய மொழிக்கு என்ன வேலை கொடுப்பது என்று கேட்டவர் குறைவு.

அந்தக் கேள்வியே முக்கியம் என்பது நம் அபிப்பிராயம். கணக்கு ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கட்டும். பிழைப்பும் மேற்படிப்பும் அவ்வழியே போகின்றன. ஆனால் தமிழுக்கு எஞ்சியிருக்கும் அந்தச் சில வேளைகளில் கடினமான வேலையைக் கொடுக்கலாமே. நூலகத்தின் பயன்கள், சிக்கனத்தின் சிறப்பு என்று முடிவு முன்கூட்டியே தெரிந்த கட்டுரைகளை எத்தனை காலம் எழுதவைப்பது? வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் தமிழில் வாசித்து, யாருக்கு எதில் பாதகம் என்று பிள்ளை சொல்லட்டும். மேலே சொன்ன அரிசிக் கணக்கைக் கொடுத்து, இரு கட்சியாகப் பிரிந்து வாதாடட்டும். ஆசிரியர் ஒரு கட்சியில் நின்று தோற்றுப்போனாலும் குற்றமில்லை.

வாதம் என்றவுடன் மரியாதை போய்விடும் என்று அஞ்சுவோர் உண்டு. தமிழை அவர்கள் சரியாக எடைபோடவில்லை. "நீங்கள் சொல்வது ஒரு விதத்தில் சரிதான், ஆனாலும்..." என்று பணிவோடு மறுப்பதற்கு நம் மொழியில் எத்தனையோ வழிகள் உண்டு. "வாப்பா, இந்த விலை நியாயமா?" என்று கேட்கும் மகன் வாப்பாவை அவமதிக்கவில்லை, அவருடைய கடையைத் தன் கடையாக நினைக்கத் தொடங்கிவிட்டான் என்றே பொருள்.

பள்ளியை மட்டும் சொல்லி என்ன பயன்? நம் வீடுகளில் தமிழ் என்ன வேலை செய்கிறது? "சாப்பிட்டாயா? தொழுதாயா? இவ்வளவு நேரம் எங்கே இருந்தாய்?" இந்த மூன்று கேள்விகளோடு பல அத்தாமார்களின் தமிழ் முடிந்துபோகிறது. கடை குத்தகை, வங்கிக் கடன், பங்காளியின் கணக்கு என்று வந்தால் மகனோடு பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. பிறகு, "பையன் தமிழில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசமாட்டேன் என்கிறான்" என்று மனம் வருந்துகிறோம். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேச அவனுக்கு அங்கே என்ன விஷயம் வைத்தோம்?

ஆசிரியர்கள் இதற்கெல்லாம் ஒரே பதில் சொல்வார்கள்: "தேர்வில் இது வராது." அவர்கள் மீது பிழையில்லை, மதிப்பெண்ணுக்கு அவர்களே பொறுப்பு. ஆனால் சங்கத்துக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் துணைப்பாட வகுப்பு நடத்தும் இடங்களிலே, வாரத்தில் ஒரு மாலை பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்து, வியாபாரிகளே தத்தம் கடையில் உண்மையாக நேர்ந்த சிக்கல் ஒன்றைப் பெயர் சொல்லாமல், எண்களோடு, தமிழில் எடுத்துரைக்கலாம். தாம் என்ன முடிவு செய்தோம் என்பதைக் கடைசிவரை சொல்லக்கூடாது. பிள்ளைகள் பேசி முடிக்கும் வரை பெரியவர்கள் வாய் திறக்காமல் இருக்கவேண்டும்; ஏற்பாட்டில் மிகவும் கடினமான பகுதி அதுவாகத்தான் இருக்கும்.