அறியாமை யாருடைய குற்றம்?

‘சட்டத்தை அறியேன்’ என்பது நீதிமன்றத்தில் எடுபடாத வாதம். அறியாதவரையும் சட்டம் கட்டுப்படுத்தும். அவ்வாறாயின், அறிவதற்கு வழி திறந்து வைக்கும் கடமை எவரைச் சார்ந்தது?

வெள்ளவத்தைத் தொடர்மாடியில் சீதன வீடு பெற்ற யாழ்ப்பாணத்துப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். உறுதி அவள் பெயரில் இருக்கிறது. ஆயினும் தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டுமென 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் விதித்தது. அவ்விதி தன்னைக் கட்டுப்படுத்துமா என்று அவள் எவரிடம் கேட்பாள்? கணவனிடமா? சீதனம் பேசிய தரகரிடமா? கொட்டாஞ்சேனையிலிருந்து வீட்டுப் பணிக்கு மத்திய கிழக்கு செல்லும் பெண்ணுக்கு ஒப்பந்தத்தின் பொருளை விளக்குபவர் யார்? அவளை அனுப்பி ஊதியம் பெறும் முகவரே. இருவருக்கும் தகவல் பிறருடைய இலாபத்தின் வழியாகவே வந்து சேர்கிறது.

விடையால் ஆதாயம் அடையாத இடம் பொதுநூலகம். கொழும்பில் அது 1925இல் தோன்றியது. 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கிற்று. அதே ஆண்டில், சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன் தம் ஐந்து நூலக விதிகளை வெளியிட்டார். நூல்கள் காத்து வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. வாக்குச்சீட்டு பெண்ணின் கைக்கு வந்தது, சட்டநூல் வரவில்லை.

சட்ட உதவி நிலையங்கள் இருக்க நூலகம் எதற்கு என்று கேட்பர். உதவி வேண்டியதே. ஆனால் விடையை மட்டும் பெற்றவள் அடுத்த வினாவுக்கும் பிறர் வாசலில் நிற்பாள். ஒரு சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளதா, எப்போது திருத்தப்பட்டது, கைப்பேசியில் வந்த செய்திக்கு ஆதாரம் எது என்று தேடிச் சோதிக்க நூலகர் அவளைப் பழக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி, காரணம் கூறாமலே அரச அலுவலகத்திடம் தகவல் கோரலாம். எழுத இயலாதவர் நேரிற் சென்று வாய்மொழியாகவும் கேட்கலாம். உரிமையைத் தந்த சட்டம், கேட்கும் துணிவைத் தந்துவிடாது. அத்துணிவு பயிற்சியால் வருவது. பயிற்சியும் தமிழில், அடுப்படியும் தொழிலும் அவளை விடும் வேளையில் நடைபெற வேண்டும்.

இதனைப் பெண்களுக்குச் செய்யும் தருமம் என்பாருளர். தருமமன்று, கடன். அறியாமையை மன்னியோம் என்று விதித்த அன்றே சமுதாயம் அக்கடனை ஏற்றுக்கொண்டது. அதனைத் தீர்க்காதவரை, ஏமாந்த பெண்ணை ‘அறியாதவள்’ என்று குறைகூறும் தகுதி நமக்கில்லை.